பள்ளத்துக்கு இறங்கிய சபை

ஒரு காட்டில், பட்டப்பகலிலும் வெயில் விழாத பள்ளம் ஒன்று இருந்தது. புகைதான் காரணம், குழந்தைகளே.

அந்தக் காட்டின் அரசன் ஒரு கிழப்புலி. அது மலையுச்சிக் குகையில் வசித்தது. அதற்குக் குளிர் ஆகாது. "கவலை வேண்டாம் அரசே, நான் இருக்கிறேன்" என்று சொல்லி, மந்திரி நரி குகைக்குக் கீழே பெரிய குழி வெட்டி நெருப்பு மூட்டியது. நெருப்புக்கு நாள்தோறும் மரங்கள் விழுந்தன. விழுந்த மரங்களிலிருந்து சிதறி ஓடிய அணில்களும் குஞ்சுகளும் நரிக்கு வயிறாரக் கிடைத்தன. சூடு குகைக்குப் போனது. புகையோ மலைக்காற்றோடு சரிந்து பள்ளத்தில் இறங்கியது.

பள்ளத்தில் ஓர் உடும்பு வாழ்ந்தது. மகா பிடிவாதக்காரி. அந்த ஆண்டு புற்றுக்குள் அது இட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. வெயில் பட்டால்தானே புற்று சூடாகும்? பொரியாத முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே உருட்டிவிட்டு, உடும்பு நேராக மலையேறியது.

நரி வழிமறித்தது. "என்ன வேண்டும்?"

"நெருப்பை நிறுத்த வேண்டும். புகையில் பள்ளமே செத்துக்கொண்டிருக்கிறது."

"புகையா? அது மூடுபனி! உன்னைத் தவிர ஒருவரும் என்னிடம் வந்து குறை சொல்லவில்லையே?"

"சொல்வார்கள்" என்றது உடும்பு.

அன்றே வளை வளையாக, பொந்து பொந்தாக ஏறி இறங்கத் தொடங்கியது. முயல் தலையை மட்டும் வெளியே நீட்டி, "நான் குட்டிக்காரி, உடும்பக்கா. மந்திரியைப் பகைத்துக்கொள்ள என்னால் முடியாது" என்று நடுங்கியது.

"உள்ளே இருமுவது யார்? என் குட்டியா, உன் குட்டியா?"

உடும்பு நீட்டிய மரப்பட்டையில் ஈரக் களிமண் பூசியிருந்தது. முயல் கண்ணை மூடிக்கொண்டு அதில் தன் பாதத்தைப் பதித்தது. எலி பதித்தது. காட்டுக்கோழி பதித்தது. முள்ளம்பன்றியும் மானும் பதித்தன. ஏழாம் நாள் பட்டையில் விரல் வைக்க இடமில்லை.

இந்த முறை உடும்பு நரியிடம் போகவில்லை. பாறை இடுக்கு வழியாக ஏறி, பட்டையைப் புலியின் முன்னால் வைத்து, புகையால் பள்ளம் படும் பாட்டைச் சொன்னது.

"இத்தனை பேரா?" என்றது புலி.

நரி ஓடிவந்தது. "யார் காலடியோ, அரசே! காலடி பேசுமா?"

"காலடி பேசாது. நாங்கள் பேசுவோம். சபை ஒரு நாள் பள்ளத்தில் கூடட்டும், அரசே. நீங்களே இறங்கி வந்து கேளுங்கள்" என்றது உடும்பு.

புலி சம்மதித்தது. நரியும் சிரித்துக்கொண்டே தலையாட்டியது. சபைக்கு முந்தின நாள் மாலையே யாருக்கும் தெரியாமல் நெருப்பை அணைத்துவிட்டது.

விடிந்தபோது பள்ளத்தின் மேலே வானம் நீலமாகத் தெளிந்து கிடந்தது. உடும்பு அண்ணாந்து பார்த்தது. காட்ட வேண்டிய புகையைக் காணோமே! வெயில் ஏறியதும் புலி இறங்கி வந்தது; சபை கூடியது.

"பாருங்கள், அரசே! நெருப்பு எப்போதும்போல எரிந்துகொண்டுதான் இருக்கிறது. புகை எங்கே? இந்தப் பொய்க்காரியைக் காட்டைவிட்டே துரத்த வேண்டும்!" என்று நரி கத்தியது.

அதன் ஏவலாட்களான இரண்டு ஓநாய்கள் உடும்பின் வாலைப் பிடித்து இழுத்தன. உடும்பு பக்கத்துப் பாறையை நான்கு கால்களாலும் பற்றிக்கொண்டது.

"போக மாட்டேன்! இது என் பள்ளம்!"

ஓநாய்கள் மூச்சு வாங்க இழுத்தன. உடும்பு அசையவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து முயல் தாவி வந்து உடும்பின் அருகில் நின்றது. உடம்பெல்லாம் நடுங்க, "நானும் போக மாட்டேன். பட்டையில் இருப்பது என் பாதம்தான்" என்றது.

"என் பாதமும்" என்று முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தது. மான் வந்தது. எலிகள் படையாக வந்தன. ஓநாய்கள் வாலை விட்டுவிட்டுப் பின்வாங்கின.

அப்போதுதான் உடும்புக்கு வயிற்றுக்கடியில் உறைத்தது. பாறை சுட்டது! விடிந்ததிலிருந்து அதன்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அரசே, இந்தப் பாறையில் சற்றுப் படுத்துப் பாருங்கள்."

புலி ஏறிப் படுத்தது. அதன் முகம் மலர்ந்தது. "ஆகா! எலும்பு வரைக்கும் இதமாக இருக்கிறதே. நேற்று இரவு குகையில் நடுங்கிக்கொண்டல்லவா கிடந்தேன்!"

உடும்பு நரியின் பக்கம் திரும்பியது. "மந்திரியாரே, நெருப்பு எரிகிறதா? எரிகிறது என்றால் புகையைக் காட்டுங்கள். அணைத்துவிட்டீர்கள் என்றால், அரசருக்கு இந்தச் சூட்டைத் தருவது யார் என்று சொல்லுங்கள்."

"அது... நேற்று மட்டும்..." என்று நரி உளறியது.

"நேற்று மட்டும் என்ன?" புலி உறுமியது.

அதற்குமேல் நரி அங்கே நிற்கவில்லை. ஓட்டம் பிடித்தது. ஓநாய்களும் அதன் பின்னால் ஓடின.

"இரவில் என்ன செய்வது?" என்று கேட்டது புலி.

"பகலெல்லாம் வெயில் குடித்த பாறை விடியும்வரை சூட்டை விடும், அரசே. இதன் அடியிலேயே குகை இருக்கிறது. வாருங்கள், எங்களோடு இருங்கள்."

புலி தாடியைத் தடவிக்கொண்டது. "சரி. குளிர்காலம் முடிந்ததும் குழியை மூடச் சொல்கிறேன்."

"முடிந்ததும் வேண்டாம். இன்றைக்கே" என்றது உடும்பு. அதன் பின்னால் கூட்டம் முழுவதும் ஓரடி முன்னால் வந்தது.

புலி உடும்பைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது.

"இன்றைக்கே" என்றது.

கூட்டம் மலையேறிக் குழிக்குப் போனது. முள்ளம்பன்றி மண்ணைத் தோண்டியது. மான் குளம்பால் தள்ளியது. முயல் தன் குட்டிகளோடு சேர்ந்து பின்னங்கால்களால் வாரி வாரி இறைத்தது. பொழுது சாயுமுன் நெருப்புக்குழி இருந்த இடம் மேடாகிவிட்டது.

நீதி: துன்பப்படுகிறவர்கள் ஒன்றாக நின்று விடாமல் கேட்டால், அரசனாலும் இல்லையென்று சொல்ல முடியாது.