பவுடர் போட்ட ஸ்டிக்

பிலோமினா பழைய பல் தேய்க்கிற பிரஷை சோப்புத் தண்ணியில் முக்கினாள். கோல்ஃப் ஸ்டிக்கின் இரும்பு முகத்தில் கோடு கோடாக இருக்கும் பள்ளங்களில் மண் ஏறிக் கிடந்தது. குடைந்து குடைந்து தேய்த்தாள். மண் போன பிறகும் கை நிற்கவில்லை.

"சகாயம், புதுசு நல்லதா, பழசு நல்லதா?"

சகாயம் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கடலையை வாயில் போட்டாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"மண்ணு போயிருச்சு மதினி. இனி தேச்சா இரும்பு போயிரும்."

பிலோமினா பிரஷைக் கீழே வைத்தாள். வைத்த கை சும்மா இருக்க முடியாமல் தாவணித் துணியை எடுத்து ஸ்டிக்கைத் துடைக்க ஆரம்பித்தது.

சகாயம் அவளுக்கு நாத்தனார். புருஷனின் தங்கை, வயசில் சின்னவள். அந்த மலை ஊர் கோல்ஃப் கிரவுண்டில் மேடம்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் குழம்புக்கு உப்பு பத்தவில்லை என்றால் அதையே பொழுது சாய்கிற வரைக்கும் பேசுவாள். கிரவுண்டுக்குள் காலை வைத்துவிட்டால் வாய்க்குப் பூட்டு.

பிலோமினா அதே கிரவுண்டில் பை தூக்குகிறாள். ஆட வருகிறவர்கள் வெறுங்கையோடு முன்னால் நடப்பார்கள். இவள் அவர்களுடைய ஸ்டிக் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடப்பாள். திங்கட்கிழமை மட்டும் பை தூக்குகிறவர்களும் ஆடிக்கொள்ளலாம். அந்தத் திங்கட்கிழமைகளில் சகாயம் சொல்லிக்கொடுத்ததுதான் அவளுக்குத் தெரிந்த ஆட்டம்.

இன்றைக்குப் பை தூக்கும் பெண்களுக்குள்ளே போட்டி.

ஜெயிக்கிறவளுக்குக் கிரவுண்டிலேயே மாசச் சம்பள வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் ஆடச் சொல்லித்தர வேண்டும்.

தோற்றால் திருப்பூர்.

புருஷன் செபஸ்தியான் அங்கேதான் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவளுக்கும் இடம் பேசி வைத்துவிட்டான். தங்குகிற இடத்தில் பிள்ளை வைத்துக்கொள்ள விட மாட்டார்களாம். அம்மாகிட்ட விட்டுட்டு வா என்று போனில் சொல்லிவிட்டான்.

பிள்ளை இன்னும் பால் குடிக்கிறது.

இப்போது பேரிக்காய் மரத்துக் கிளையில் கட்டிய சேலைத் தூளியில் தூங்குகிறது. பிலோமினா ஸ்டிக்கைத் துடைப்பாள், தூளியைப் பார்ப்பாள், துடைப்பாள், பார்ப்பாள்.

மரத்தடியில் இரண்டு பைகள் சாய்ந்திருந்தன.

ஒன்று பழசு. ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரம்மா வேண்டாம் என்று விட்டுப்போனது. ஸ்டிக்குகளின் பிடி ரப்பர் தேய்ந்து வழவழ என்று இருக்கும். அதில்தான் இத்தனை நாளும் பழகினாள்.

இன்னொன்று புதுசு. அவள் பை தூக்குகிற வசந்தா மேடம் நேற்று சாயங்காலம் அவராகவே கொடுத்தது. "நாளைக்கு இதை வச்சு ஆடு பிலோமினா. இந்தக் காலத்துல அந்தப் பழைய இரும்பை வச்சு யாராவது ஜெயிப்பாங்களா?" என்றார்.

நல்ல மனசோடு சொன்னதுதான். அதுவரைக்கும் அவளுக்குப் பழசைப் பற்றிப் பயம் இல்லை.

கோமதி அந்த வழியாகப் போனாள். அவளும் போட்டிக்காரிதான். தோளில் பளபளவென்று ஒரு பை.

"என்ன பிலோ, அது துருவா, டிசைனா?"

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"டிசைன்தான் கோமு" என்றாள் சகாயம். "உன்னதுல இன்னும் விழலை. பொறுத்திரு."

கோமதி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சிரிக்க முடிகிறதே என்று பிலோமினாவுக்குப் பொறாமையாக இருந்தது.

"சகாயம், சொல்லேன். எதை எடுத்துட்டுப் போக?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"புதுசு லேசா இருக்கு. பட்டதும் பறக்குதுன்னு சொல்றாங்க. ஆனா கை பழகலை. பழசு கை பழகினது. ஆனா முக்கியமான நேரத்துல காலை வாரி விட்டுருச்சுன்னா? நீ வாயத் திறந்து ஒண்ணு சொல்லு. வீட்லதான் நான் மதினி. இங்க நீதானே எனக்கு..."

குரு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டாள்.

சகாயம் மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"பாப்பா பவுடரை எடுங்க."

"அவ தூங்குறா. இப்ப எதுக்கு?"

"பாப்பாவுக்கு இல்ல."

பிலோமினா பிள்ளையின் கூடையில் இருந்து பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். சகாயம் இரண்டு பையிலிருந்தும் ஒரே அளவான ஏழாம் நம்பர் ஸ்டிக்கை உருவினாள். இரண்டின் முகத்திலும் பவுடரைக் கொட்டி விரலால் பரப்பினாள். திருவிழாவுக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன.

"அய்யோ, மேடத்தோட ஸ்டிக்கு!"

"தொடச்சா போயிரும். புதுசுல அடிங்க."

பிலோமினா பந்தை வைத்தாள். நின்றாள். தூளியை ஒருமுறை பார்த்தாள். அடித்தாள்.

பந்து நேராகப் போய்ப் புல்வெளியின் நடுவில் விழுந்தது. இன்னொன்று. அதுவும் கிட்டத்தட்ட நேராக. கொஞ்சம் வலது பக்கம், ஆனாலும் நல்ல இடம்.

"இப்பப் பழசுல."

பழசில் அடித்தாள். பந்து வலது பக்கமாக வளைந்து புதருக்குள் போனது. அடுத்ததும் புதருக்குள். அதற்கடுத்தது எங்கே போனது என்றே தெரியவில்லை.

பிலோமினா ஸ்டிக்கைக் கீழே இறக்கினாள்.

"பாத்தியா? மேடம் சொன்னது சரி. புதுசுதான்."

"சரிதான்."

"அப்ப அதையே எடுத்துட்டுப் போகட்டா?"

"எடுத்துட்டுப் போங்க."

இப்படிச் சட்டென்று சரி என்பாள் என்று பிலோமினா எதிர்பார்க்கவில்லை. கேட்ட பதில் கிடைத்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

கீழே தகரக் கூரை போட்ட இடத்திலிருந்து, போட்டி நடத்துகிற துரைப்பாண்டி அண்ணன் முதல் பேரைக் கூப்பிட்டார். "கோமதி!"

கொஞ்ச நேரத்தில் டொக் என்று ஒரு சத்தம். கை தட்டுகிற சத்தம்.

பிலோமினா புதுப் பையை எடுத்துத் தோளில் மாட்டப் போனாள்.

"ஸ்டிக்கத் தொடைக்காம எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் சகாயம்.

"ஆமால்ல."

தாவணித் துணியோடு புது ஸ்டிக்கைத் திருப்பினாள். பவுடரில் பந்து பட்ட தடம் இருந்தது. நடுவில் இல்லை. கழுத்தை ஒட்டி, கம்பும் முகமும் சேர்கிற ஓரத்தில் வட்டமாகப் பதிந்திருந்தது. பக்கத்திலேயே இன்னொரு வட்டம்.

பழசை எடுத்துத் திருப்பினாள். அதிலும் அதே ஓரம். அதே இடம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுலயும் ஒரே இடத்துலதான் பட்டிருக்கு சகாயம்."

"ம்."

"அப்ப அது ஏன் நேரா போச்சு? இது ஏன் புதருக்குள்ள போச்சு?"

"அது புதுசு. ஓரத்துல பட்டாலும் சமாளிச்சுக் கொண்டுபோயிரும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நல்ல ஸ்டிக்கு."

"இது?"

"இதுக்குச் சமாளிக்கத் தெரியாது."

பிலோமினா தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் ஏன் ஓரத்துல அடிக்கிறேன்? பாப்பா பொறக்குறதுக்கு முன்னாடி நடுவுலதானே பட்டுச்சு? நீயே சொல்லியிருக்கே."

சகாயம் பவுடர் டப்பாவை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"அடிக்கிற மாதிரி நில்லுங்க மதினி."

நின்றாள். பைன் மரங்களுக்கு மேலே வெயில் அப்போதுதான் ஏறியிருந்தது. பனி காயாத புல்லில் அவள் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது.

"அசையாதீங்க."

சகாயம் பவுடர் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிழலின் ஓரமாகவே நடந்தாள். நடக்க நடக்கத் தட்டிக்கொண்டே போனாள். தலை, தோள், கை, இடுப்பு, கால்.

"நிழலுக்குப் பவுடரா? யாராவது பாத்தா சிரிப்பாங்க. பாப்பாவுக்கு வேற மிச்சம் இருக்கணும்..."

"அசையாதீங்கன்னேன்."

கீழே இன்னொரு பேரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு டொக். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. அய்யோ என்று யாரோ சொன்னது கேட்டது.

"இப்ப தள்ளி வாங்க. வந்து பாருங்க."

பிலோமினா தள்ளி வந்தாள். நிழல் அவளோடு வந்துவிட்டது. புல்லில் வெள்ளைக் கோடு மட்டும் கிடந்தது.

பார்த்தாள்.

கோட்டுக்குள் ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. இடது முழங்கை மடங்கி எதையோ அணைத்த மாதிரி இருந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தண்ணிக் குழாயில் நிற்கிறவர்களில், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களில், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களில் தினமும் பார்க்கிற உருவம்தான்.

இடுப்பில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

பிலோமினா தூளியைப் பார்த்தாள். தூளி ஆடாமல் தொங்கியது. மறுபடியும் புல்லைப் பார்த்தாள்.

"இடுப்புல அவ இல்லையே சகாயம்."

சகாயம் மிச்சமிருந்த ஒரு கடலையை உடைத்தாள்.

"இல்லையா?"

பிலோமினா அந்த வெள்ளைக் கோட்டின்மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு வந்தாள். பழைய ஸ்டிக்கின் முகத்தைத் துடைத்தாள். அவளே புதுசாகப் பவுடர் போட்டாள். பந்தை வைத்தாள்.

நின்றாள். இடுப்பு தானாக வெளியே போகப் பார்த்தது. இழுத்து நிறுத்தினாள். இடது கை எதற்கோ மடங்கப் பார்த்தது. நீட்டினாள். இத்தனை மாதமாக ஒரு பக்கமே கிடந்த பாரம் இரண்டு காலுக்கும் இறங்கியது. அப்படி நிற்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. எதையோ கீழே போட்டுவிட்டது போல.

தூளியைப் பார்க்காமல் அடித்தாள்.

சத்தமே வேறு மாதிரி கேட்டது.

பந்து போன இடத்தை அவள் பார்க்கவில்லை. ஸ்டிக்கைத் திருப்பினாள். தடம் நடுவில் இருந்தது.

"புதுசுலயும் அடிச்சுப் பாருங்க" என்றாள் சகாயம்.

அடித்தாள். அதிலும் நடுவில். பந்து பழசைவிட இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்தது.

"புதுசு தூரம் போகுது."

"போகும்."

"அப்ப புதுசுதானே நல்லது?"

"நல்லதுதான் மதினி. நான் எப்ப இல்லன்னு சொன்னேன்?"

தூளி அசைந்தது. பிள்ளை சிணுங்கியது, பிறகு அழுதது. பிலோமினா ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கியதுமே இடுப்பு வெளியே போய்ப் பிள்ளைக்கு இடம் கொடுத்தது. அவளுக்கே அது தெரிந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்தது.

வேறு நாளாக இருந்தால் யார் கையிலும் கொடுத்திருக்க மாட்டாள். மாமியார் கேட்டால்கூட, அழுவா அத்தை என்பாள்.

பிள்ளையின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். சகாயத்திடம் நீட்டினாள்.

"பிடி."

சகாயம் வாங்கினாள். வாங்கிய உடனே அவள் இடுப்பும் பக்கவாட்டில் தள்ளிப் போனது.

பிலோமினா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் தடவை.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. நீ இன்னைக்கு ஆடிராத."

சகாயமும் சிரித்தாள். பிள்ளை எதற்கென்று தெரியாமல் அதுவும் சிரித்தது.

பிலோமினா மேடத்தின் ஸ்டிக்கை முகத்திலிருந்து கழுத்து வரைக்கும் சுத்தமாகத் துடைத்தாள். பையில் செருகினாள். ஜிப்பை இழுத்து மூடினாள். மரத்தில் சாய்த்து வைத்தாள்.

பழைய பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"மேடம் வந்தா குடுத்துரு சகாயம். கோவிச்சுக்கப் போறாங்க, நல்லபடியாச் சொல்லு. ஸ்டிக்கு ரொம்ப நல்ல ஸ்டிக்கு, ஒரு குறையும் கிடையாதுன்னு சொல்லு. நான் எப்படிக் கோணலா நின்னாலும் அது ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குது. இந்தப் பழசு உடனே காட்டிக் குடுத்துரும். அதனாலதான் இன்னைக்கு எனக்கு இதுதான்..."

கீழேயிருந்து துரைப்பாண்டி அண்ணன் கூப்பிட்டார். "பிலோமினா!"