பேர் வராத செய்தி

"மேடம், செய்தி முதல் பக்கத்துல வந்திருக்கு. என் பேரு மட்டும் வரலியே" என்றான் அபினேஷ்.

இதழியல் படிக்கிற பையன். நாகர்கோவிலில் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்தான். வந்த நாளிலிருந்தே தன் பேரைப் பேப்பரில் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

செய்தி ஆசிரியர் ஜெயசீலி பேப்பரை விரித்தார்.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தி. சமையல்காரப் பெண் லீலாபாயின் அலட்சியமே காரணம் என்று அடித்து எழுதியிருந்தான்.

"லீலாபாய் என்ன சொன்னாங்க?"

"அவங்ககிட்ட கேக்கல மேடம். ஹெட்மாஸ்டர் சொன்னாரு. நேரமும் ஆயிட்டு."

"நானும் அதக் கேக்காமத்தான் அச்சுக்கு விட்டேன். காலைல படிச்சதுல இருந்து மனசே சரியில்ல."

ஜெயசீலி பேப்பரை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"இதுல அவங்க பேரு இருக்கு. கொண்டுபோய்க் குடு. பொறவு உன் பேரப் பத்திப் பேசலாம்."

இதென்ன பிரமாதம் என்று பைக்கை எடுத்தான் அபினேஷ்.

லீலாபாய் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சேதி அவனுக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது.

"பேப்பர் ஆபீஸா தம்பி? உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கீங்களா?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

"இனி வேலைக்கு வராண்டாம்னு சொல்லிட்டாங்க. தொட்டித் தண்ணி நாறுதுன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? எழுதுன ஆளு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அபினேஷ் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு பேரு என்ன தம்பி?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"பேர் போடலக்கா" என்றான்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஜெயசீலி தலையை நிமிர்த்தவில்லை.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எழுதுனது யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் போலிருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பேர் போடலன்னு சொன்னேன் மேடம்."

ஜெயசீலி, லீலாபாய் சொல்வதைப் போட நாளைய முதல் பக்கத்தில் ஒதுக்கியிருந்த இடத்தைக் காட்டினார். அது காலியாக இருந்தது.

அபினேஷ் படியிறங்கினான்.

லீலாபாய் இன்னும் அதே வாசல்படியில்தான் இருந்தார். பேப்பர் மடியில் பிரிக்காமல் கிடந்தது.

"என்ன தம்பி, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமாக்கா" என்றான். "என் பேரு அபினேஷ்."