பதினோரு பாத்திரமும் ஒரு கையெழுத்தும்

சந்தேகம் புகுந்த மனதுக்கு ஒரே திசைதான் தெரியும். செண்பகத்துக்கு அந்தத் திசை பாளையங்கோட்டை. அவள் நின்றதோ மெல்பர்ன் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில். பக்கத்தில் புருஷன் சங்கரபாண்டியன். எதிரே நீள மேசையில் அவளுடைய பாத்திரங்கள் பதினொன்று, மூடியைச் சேர்த்து வாய் கட்டிய சணல் கயிறு அவிழாமல், வரிசையாக உட்கார்ந்திருந்தன.

செண்பகம் மருந்தாளுநர். இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, வீட்டுச் சாமான் மொத்தத்தையும் கப்பலேற்றிவிட்டுக் குடிவந்திருக்கிறாள். "உணவு, விதை, தானியம் எதுவும் உள்ளே இல்லை" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பொய்க் கையெழுத்துக்காரி என்று பெயர் ஏறிவிட்டால், மருந்து அலமாரிச் சாவியை எவர் நம்பிக் கொடுப்பார்?

சோதனை அதிகாரி துஷ்யந்தி யாழ்ப்பாணத்துக்காரி. சிரிப்பைச் செலவழிக்காத முகம்.

"எக்ஸ்ரேயில பாத்தனாங்கள். உங்கட சாமானுக்குள்ள நீங்கள் எழுதாத ஒண்டு இருக்கு."

"என்னது மேடம்? எல்லாம் நான் கழுவித் துடைச்சு வச்ச வெறும் பாத்திரம்லா!" என்றாள் செண்பகம்.

சங்கரபாண்டியன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "சின்ன விஷயம்தான் மேடம். அது ஒண்ணும் முளைச்சிக் கிளம்பிராது. இவளுக்குத் திங்கக்கிழமை வேலை, கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

துஷ்யந்தி கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். குத்துப்போணி, இட்லிச் சட்டி, பால் பானை, எதைத் திறந்தாலும் அடியில் மஞ்சள் தடவிய பச்சரிசி ஒரு பிடி. அளந்து போட்டதுபோல் பதினொன்றிலும் அதே ஒரு பிடி.

"அட, அக்கா வேலையா இது! எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றான் சங்கரபாண்டியன்.

"தெரியாமல் வந்திருந்தால் அரிசியை அழிச்சுப்போட்டுச் சாமானை விடுவன். தெரிஞ்சு மறைச்சிருந்தால் கையெழுத்துப் பொய். எது எண்டு நான் எழுதவேணும்" என்றாள் துஷ்யந்தி.

செண்பகத்தின் புத்தி பாளையங்கோட்டைக்கு ஓடியது. அங்கே இருக்கிறாள் நாத்தனார் ஆவுடையம்மாள். வேலை உத்தரவு வந்த அன்றே, "பொண்டாட்டி உத்தியோகத்துக்கு ஆம்பள மூட்டை தூக்கிட்டுப் போவானா?" என்று கேட்ட மகராசி. சாமான் கட்டிய அன்று மட்டும் தேனாக ஒழுகினாள். "நீ போய்க் குளி தாயி, அடுக்களைய நான் பாத்துக்கிடுதேன்" என்று செண்பகத்தை அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தபோது பாத்திரங்களுக்கு மூடி போட்டாகிவிட்டது. கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் சங்கரபாண்டியன்.

பிறகு லாரிக்காரர் படிவத்தை நீட்டினார். புருஷன், பெண்டாட்டி இருவரில் யார் போட்டாலும் செல்லும் என்றார். பேனாவை வாங்கிய சங்கரபாண்டியன் ஒரு நிமிஷம் அந்தத் தாளைப் பார்த்தான். "வேலை உம்பேருல, விசா உம்பேருல. நீயே போட்டுரு" என்று அவளிடம் நகர்த்தினான். தன்னை மதிக்கிறானே என்று அவளுக்கு அன்று மனசு குளிர்ந்தது. போட்டாள். ஆவுடையம்மாள் அப்போது வாசலில் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் இப்போது வேறு நிறத்தில் தெரிந்தது. துஷ்யந்தியின் அனுமதியோடு, அவளுக்கும் கேட்கும்படி, செண்பகம் போன் போட்டாள்.

"ஆமா, நாந்தான் போட்டேன்" என்றாள் ஆவுடையம்மாள், கொஞ்சமும் அசராமல். "குடிபோற வீட்டுக்கு யாராது வெறும் பாத்திரத்த அனுப்புவாகளா? விளங்குமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன மதினி?"

"சொன்னா விடுவியாக்கும்? படிச்சவ, எடுத்துக் கொட்டிருவ."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே, இப்போ என் வேலையே போகப்போவுது!"

"கையெழுத்தா? என்ன கையெழுத்து?"

நடிக்கிறாள் என்று செண்பகம் பல்லைக் கடித்தாள். உறவில் கெடுக்க நினைப்பவர்கள் கத்தியோடா வருவார்கள், ஒரு பிடி அரிசியோடும் வரலாமே. போனைத் துண்டித்துவிட்டு, "எல்லாம் உங்க அக்காதான்" என்று புருஷனைப் பார்த்துப் பொருமினாள். அவன் தரையைப் பார்த்தான்.

துஷ்யந்தி பேனாவைத் திறந்தாள். வாசகர்களே, அவள் எழுதுவதற்குள் நீங்கள் சொல்லுங்கள். அரிசியை ஒளித்து வைத்தவள் ஆவுடையம்மாள். திறந்து பார்க்காமல் கையெழுத்திட்டவள் செண்பகம். கயிறு கட்டியவன் சங்கரபாண்டியன். இந்த மூவரில், அந்தக் கையெழுத்து பொய் என்று தெரிந்தே போடவிட்டவர் யார்?

விடை: சங்கரபாண்டியன். ஆவுடையம்மாளுக்கு அரிசி தெரியும், படிவம் தெரியாது. செண்பகத்துக்குப் படிவம் தெரியும், அரிசி தெரியாது. இரண்டும் தெரிந்தவன் அவன் ஒருவனே. துஷ்யந்தி அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "நான் கயிறு அவிழ்க்க முந்தியே, அது முளைக்காது எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?" எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாயிற்று. ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் அக்காளும் பெண்டாட்டியும் முட்டிக்கொள்ள வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டானாம். நல்லவன் என்ற பெயர் அவனுக்கு, பொய்க் கையெழுத்து அவளுக்கு! துஷ்யந்தி "கையெழுத்திட்டவருக்குத் தெரியாது" என்று எழுதி, அரிசியை அழிக்க அனுப்பினாள். செண்பகத்தின் வேலை பிழைத்தது. ஆனால் இப்போதெல்லாம் எந்தப் படிவம் வந்தாலும், அதைப் படிப்பதற்கு முன் அவள் புருஷன் முகத்தைப் படித்துவிடுகிறாள்.