யார் இலைக்கு முதலில்?

மேலப்பட்டி ஜமீன்தார் வீம்புக்கு ஏரி மதகை அடைத்துவிட்டார். கீழப்பட்டியில் பயிர் காய்ந்தது. பேசித் தீர்க்கலாமென்று இரண்டு ஊர் ஜமீன்தார்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். பரிமாற வந்தவள் கீழப்பட்டிப் பேச்சி.

“என் இலைக்குத்தான் முதல்ல போடணும். இல்லேன்னா எந்திரிச்சிடுவேன்” என்றார் மேலப்பட்டியார்.

“எனக்கு ரெண்டாவதுன்னா நானும் எந்திரிச்சிடுவேன்” என்றார் கீழப்பட்டியார்.

இரண்டு கையாலும் ஒன்றாகப் போடலாமென்றால், இடது கையால் போட்ட சோற்றை எவர் தொடுவார்? பேச்சி தயங்கவில்லை. கீழப்பட்டியார் இலையில் வெறும் சோற்றைக் குவித்தாள். மேலப்பட்டியார் இலையில் வெறும் குழம்பை ஊற்றினாள்.

“சோத்துல அவரு முதல், குழம்புல நீங்க முதல், சாமி!”

பாத்தி கட்டச் சோறு இல்லாத குழம்பு, இலையைத் தாண்டி மேலப்பட்டியாரின் பட்டுவேட்டியை நோக்கி ஓடியது.

“ஓய்! அந்தச் சோத்தை இப்படித் தள்ளும்!” என்று அலறினார்.

“தள்ளுவாரு சாமி” என்றாள் பேச்சி. “மதகைத் திறந்துவிட்டா அடுத்த வருஷமும் தள்ளுவாரு.”

பந்தியே சிரித்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேலப்பட்டியாரும் சிரித்துவிட்டார். அவர் கை கழுவுமுன்பே மதகைத் திறக்க ஆள் ஓடினான்.