பெட்டி கட்டிய கயிறு

ஏசுவடியான் ஐயாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் என்னைக் கால் நகம் வெட்டிவிடச் சொன்னார்.

அப்போது என் மனைவி தங்கபுஷ்பம் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரே, ஜெபம் பண்ணிவிட்டு வரலாம் என்று வேதாகமத்தோடு போயிருந்தேன்.

"ஜெபம் கெடக்கட்டும். நகவெட்டி வச்சிருக்கீராவே?"

"இல்லைய்யா."

"கீழ கடையில இருக்கும். போய் வாங்கிட்டு வாரும்."

தங்கபுஷ்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிச்சலோடு படி இறங்கினேன். அவரிடம் எரிச்சல்படுவது எனக்குப் புதிதல்ல.

பல வருஷங்களுக்கு முன், நான் மின்வாரியத்திலிருந்தும் அவள் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஓய்வு பெற்றதும், எங்கள் மிஷனெரி சங்கம் எங்களை ஒரு கல்லூரி விடுதிக்கு அனுப்பியது. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊர் போக முடியாத பையன்கள் அங்கே தங்குவார்கள். நிக்கோபார், நாகாலாந்து என்று தூரத்துப் பையன்கள். விடுதியை ஒட்டிய வீட்டில் நாங்கள் இருந்து அவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு முன்னால் அந்த ஊழியத்தைச் செய்தவர் ஏசுவடியான் ஐயா. தள்ளாமையால் விலகி, அடுத்த தெருவில் குடியிருந்தார். அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அறுபது வயதில் நான் சீடனானேன்.

எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் டின் டின்னாகச் சுட்டு எடுத்துப்போயிருந்தோம். மூன்று வேளையும் இலை போட்டுப் பரிமாறினோம். பையன்கள், "தேங்க்யூ அங்கிள்" என்பார்கள். சாப்பிடுவார்கள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாட்டுப் பயிற்சிக்கு வா என்றால் தலைவலி. ஜெபத்துக்கு வா என்றால் வயிற்றுவலி.

டைட்டஸ் என்ற நிக்கோபார் பையன் சாப்பிடவே வருவதை நிறுத்திவிட்டான். அறையில் எட்டிப்பார்த்தேன். டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தான்.

"எங்கப்பா புறப்பாடு?"

"ஜனவரி கப்பல்ல வீட்டுக்குப் போறேன் அங்கிள்."

"காலேஜ் திறந்துடுமே. எப்ப திரும்பி வருவே?"

"வரமாட்டேன்."

அவன் தீவிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் பையன் அவன். அவனுக்கு இடம் வாங்கித்தர அவன் சபையே அலைந்திருக்கிறது. போனால் போனதுதான். பையன்கள் இப்படிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளத்தானே எங்களை அனுப்பியிருந்தார்கள்.

ஐயாவிடம் ஓடினேன்.

"என்ன செஞ்சும் ஒட்டமாட்டேங்கிறானுவ ஐயா."

"என்ன செஞ்சீரு?"

சொன்னேன். "எச்சில் இலையைக்கூட அவனுவள எடுக்க விட்டதில்லை" என்று முடித்தேன்.

"அப்படியா" என்றார். "நாளைக்கு நான் வாரேன். என் நாற்காலிய நீரு தூக்கிட்டு வாரும்."

மறுநாள் அவர் கம்பை ஊன்றி முன்னால் நடக்க, நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். தெருவே பார்த்தது.

அடுப்படியில் தங்கபுஷ்பம் கறிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். ஐயா எட்டிப்பார்த்தார்.

"ஏது தேங்கா?"

"சந்தையில ஒரு சாக்கு வாங்கிப்போட்டிருக்கோம்" என்றேன் பெருமையாக.

"முற்றத்துல மரம் நிறையக் காய்ச்சுத் தொங்குது. சாக்கக் கட்டிலுக்கு அடியில தள்ளும்."

"பொய் சொல்லவா ஐயா?"

"தேங்கா இல்லைன்னா சொல்லப்போறேன்? பறிச்சுத் தாலேன்னு சொல்லப்போறேன்."

நேரே போய்க் கம்பால் டைட்டஸின் கதவைத் தட்டினார்.

"ஏலே, மரம் ஏறுவியா?"

டைட்டஸ் அரைத் தூக்கத்தில் விழித்தான். "யாரு நீங்க?"

"பசிச்சவன். தேங்கா வேணும். ஏறுவியா, மாட்டியா?"

"ஐயா, படிக்கிற பையன்" என்று குறுக்கே விழுந்தேன். "விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நான் விழுவேனா அங்கிள்?" ரோஷம் வந்துவிட்டது. பிறகு ஐயாவிடம், "காலில் போட கயிறு வேணும்" என்றான்.

"அதையும் நானா தரணும்?"

அறைக்குள் போனான். பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

அவன் ஏறியதை ஏறினான் என்று சொல்லக்கூடாது, நடந்து போனான். மேலிருந்து கத்தினான். "அங்கிள்! இது மரமா, குப்பையா? எத்தனை வருஷமா மட்டைய கழிக்கல? எங்க ஊர்ல சிரிப்பாங்க!"

ஐயா கீழிருந்து கத்தினார். "சிரிக்கட்டும். எனக்கு முதல்ல எளநி போடு!"

இளநீர் முற்றிவிட்டது என்று குறை சொன்னார். வேறு கேட்டார். அதுவும் சரியில்லை என்றார். "இந்தத் தாத்தா சாகுறவரைக்கும் குறைதான் சொல்லும்" என்று டைட்டஸ் முணுமுணுத்தான். சத்தம் கேட்டு வெளியே வந்த மற்றவர்களையும் ஐயா விடவில்லை. ஒருவன் மட்டை சுமந்தான். ஒருவன் தோசைக்கல் தேய்த்தான். டைட்டஸ் அடுப்படிக்குள் புகுந்து, "ஆன்ட்டி, தேங்காய இப்படியா திருவுறது?" என்று துருவியைப் பிடுங்கினான்.

"ஏலே, செருப்பக் கழத்திட்டு உள்ள வா! யாரு தரையத் தூத்துறது?" என்று தங்கபுஷ்பம் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வந்ததிலிருந்து அவள் யாரையும் அதட்டியதில்லை. அவன் சிரித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரை வீட்டில் விடத் திரும்பும்போது, தலையில் நாற்காலியோடு கேட்டேன்.

"ஊழியம் செய்ய வந்தவங்க நாங்க. நீங்க அவனுவள வேலை வாங்குதீங்க. இது என்ன நியாயம்?"

"உம்ம வீட்டுக்கு வாரவங்கள்ல யாரவே நீரு வேலை வாங்கமாட்டீரு?"

"விருந்தாளியை."

"விருந்தாளி எத்தன நாளு இருப்பான்?"

அதற்குள் அவர் வீடு வந்துவிட்டது.

"நாற்காலிய நெழல்ல போடும்" என்றார்.

அந்தக் கயிற்றை அன்று சாயங்காலமே தங்கபுஷ்பம் இரண்டு மரத்துக்கு நடுவே கொடியாகக் கட்டிவிட்டாள். கப்பல் நாள் நெருங்கிய சமயம் டைட்டஸ் வந்து கயிற்றைக் கேட்டான். "ஈரத்துணி கெடக்குல்லா. காயட்டும்" என்றாள். மறுநாளும் ஈரத்துணி கிடந்தது. அதற்கு மறுநாளும் கிடந்தது. "ஆன்ட்டி, நீங்க ஒரே துணியத் தினமும் துவைக்கிறீங்க" என்றான். பிறகு கேட்கவில்லை. கப்பல் போய்விட்டது. அவன் போகவில்லை. படிப்பை முடித்துத்தான் தீவுக்குப் போனான்.

நகவெட்டி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறினேன். எனக்கும் அவள் போனதிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை ஒரு தம்ளரைக்கூட எடுக்க விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, பரிமாறி, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

ஐயாவின் காலை மடியில் வைத்துக்கொண்டேன். நகம் கொம்பு மாதிரி இருந்தது.

"மெதுவாவே. சதையையும் சேத்து வெட்டுவீரு போல."

"அசையாம இருங்க ஐயா."

"சுண்டுவிரல விட்டுட்டீரு."

"வாரேன், வாரேன். உயிரை வாங்காதீங்க."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு அன்றைக்குத்தான் என் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார்.

வெட்டி முடித்து, துணியை உதறி, ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன்.

"நாளைக்கு வாரும்" என்றார். "கை நகம் இருக்கு."

மறுநாள் போனேன். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

நகவெட்டி என்னிடம் இருக்கிறது.