ஆவுடையப்பன் சொன்ன பெயர்கள்

“இன்னையோட ஆவுடையப்பன் பேரை நிறுத்திரப் போறேன்” என்றார் கோயில்பிள்ளை.

வாசலில் காவல் நின்ற மீரான் நிமிர்ந்து பார்த்தார்.

“பதினாலு மாசம். மாசம் தவறாம அவர் பேரைச் சொல்லி வேண்டுறோம். என்ன நடந்துச்சு? ஒரு விரல் அசையலை.”

“ஆமா அண்ணாச்சி.”

“ஆமாவா? அவ்வளவுதானா?”

மீரான் சுவரில் சாய்த்து வைத்திருந்த வாளை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். உறையோடு கூடிய பழைய வாள். முனை மழுங்கிப் பல வருடம் ஆயிற்று.

தூத்துக்குடியில் துறைமுகச் சத்தம் கேட்கிற தூரத்தில் அந்தச் சகோதர சபை இருந்தது. உப்பு வியாபாரி, கப்பல் ஏஜென்ட், பல் டாக்டர், கணக்கு வாத்தியார் என்று இருபத்து மூன்று பேர். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். உள்ளே அரசியல் பேசக் கூடாது. கடவுளே என்று கூப்பிடலாம், எந்தக் கடவுள் என்று சொல்லக் கூடாது.

கூட்டம் முடியும்வரை ஒருவர் கையில் வாளோடு வெளியே காவல் நிற்க வேண்டும். அது சபையின் பழைய வழக்கம். பத்தொன்பது வருடமாக நிற்பவர் மீரான். மற்ற நாட்களில் ஐஸ் பேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவர். வயது நாற்பத்து மூன்று.

சபையில் யாருக்காவது மனதில் பாரம் இருந்தால் தலைவரிடம் போவதில்லை. கதவுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்று மீரானிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அதற்காகவே சொன்னார்கள்.

கோயில்பிள்ளை அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சபையில் பிரார்த்தனை சொல்கிற பொறுப்பு அவருடையது. ஊரில் தன்னம்பிக்கை வகுப்பு நடத்தினார். கல்லூரிகளில் போய் மேடையில் பேசுவார். நல்லதையே நினையுங்கள், நினைத்ததே நடக்கும் என்பார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

சபையிலும் அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். கூட்டத்தின் தொடக்கத்தில் நோயுற்ற சகோதரர்களின் பெயரைச் சொல்லுவார். “அவரை நோயாளியா நினைக்காதீங்க. எழுந்து நடந்து வர்றதா மனசுல பாருங்க” என்பார். இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள்.

ஆவுடையப்பன் சபையின் செயலாளர். உப்பளம் வைத்திருந்தவர். இருபத்திரண்டு வருடம் வருகைப் பதிவேட்டைக் கையில் பிடித்து ஒவ்வொரு பெயராக வாசித்தவர். ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து உப்பளத்து வரப்பில் விழுந்தார். வலது கை போயிற்று. வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று.

“நான் வேற ஒரு தப்புப் பண்ணிட்டேன் தம்பி” என்றார் கோயில்பிள்ளை. குரல் தாழ்ந்துவிட்டது.

“சொல்லுங்க.”

“ஆஸ்பத்திரியில வச்சு அவர்கிட்ட சொன்னேன். ஆறு மாசத்துல நடந்து வருவீங்கன்னு. சொன்னதோட விட்டேனா? ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கட்டிலுக்கு எதிரே ஒட்டச் சொன்னேன். தினமும் பாருங்க, கண்டிப்பா நடக்கும்னு சொன்னேன்.”

“ம்.”

“ஆறு மாசம் முடிஞ்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை. அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுப் பக்கமே போகலை. இங்க வந்து கண்ணை மூடிக்கிட்டு, அவர் நடந்து வர்றதா பாருங்கன்னு மத்தவங்ககிட்ட சொல்றேன். எனக்கே தெரியலை தம்பி, நான் செய்யிறது பிரார்த்தனையா பொய்யா.”

உள்ளே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு கேக்கலாமா அண்ணாச்சி?”

“கேளு.”

“நீங்க உள்ள அவருக்காக வேண்டும்போது, அவரு அங்க என்ன செஞ்சிட்டிருப்பாரு?”

“என்ன செய்வாரு? படுத்திருப்பாரு.”

“பாத்தீங்களா?”

கோயில்பிள்ளை கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போய்ப் பாத்துட்டு வாங்க. அப்புறம் நிறுத்துங்க.”

“இப்பவா? மணி ஆறேகால். ஆறரைக்குப் பிரார்த்தனை. யாரு சொல்றது?”

“பல் டாக்டர் சொல்லுவாரு.”

“எந்த முகத்தோட நான் அங்க போறது?”

மீரான் சட்டைப் பையிலிருந்து தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார்.

நீட்டிய கையை மடக்கவே இல்லை.

*

பிரையண்ட் நகரில் வீடு. கோயில்பிள்ளை கதவைத் தட்டுவதற்குள் ஆவுடையப்பனின் மனைவி கோமதி திறந்தார்.

எட்டு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்பார் என்று கோயில்பிள்ளை எதிர்பார்த்தார்.

“வாங்க அண்ணாச்சி” என்றார் கோமதி. “மெதுவா வாங்க. ஆரம்பிக்கப் போறாவ.”

“எதை?”

கோமதி உதட்டில் விரல் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

ஆவுடையப்பன் படுத்திருக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விழுந்துவிடாமல் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. தலை வாரியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

இடது கை மடியில் இருந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஆறரை.

அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டைக்குள் ஏதோ உருண்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நெற்றியில் வியர்வை அரும்பியது.

“மீ...” என்றார்.

நின்றது. மறுபடி தொடங்கினார்.

“மீ... ரான்.”

மடியில் இருந்த கை மெதுவாக விரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

கோயில்பிள்ளைக்குப் புரியவில்லை. வாசலில் நிற்பவனை எதற்குக் கூப்பிடுகிறார்?

அடுத்த பெயர் தலைவருடையது. அதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அதற்கடுத்தது பல் டாக்டர். பிறகு கணக்கு வாத்தியார். ஒவ்வொரு பெயருக்கும் கை விரிந்தது, மூடியது.

“என்னம்மா இது?” என்று கோமதியின் காதோரம் கேட்டார்.

“எல்லாருக்கும் வேண்டிக்கிடுதாவ.”

“அவரா?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மாசத்துலேருந்து இப்படித்தான். ரெண்டாவது சனிக்கிழமை ஆச்சுன்னா மத்தியானமே அந்த வெள்ளைச் சட்டையைக் கண்ணால காட்டுவாவ. மொத மாசம் ஒரு மணி நேரத்துல மூணு பேருதான் வாயில வந்துச்சு. இப்ப இருபத்திரண்டு வருது. மத்த நாள்ல தண்ணி வேணும்னுகூட வாயில வராது அண்ணாச்சி.”

“எங்க யாருகிட்டயும் நீங்க சொல்லவே இல்லையேம்மா.”

“யாரு கேட்டா? வாரவுகல்லாம் சீக்கிரமே எந்திரிச்சு நடப்பீகன்னு சொல்லிட்டுப் போயிருதாவ.”

கோயில்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

தெருவில் ஒரு லாரி போயிற்று. ஜன்னல் அதிர்ந்தது. ஆவுடையப்பன் கண் திறக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோமதி நடுவில் ஒருமுறை போய் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு வந்தார்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

“தனக்குன்னு ஒண்ணும் வேண்டிக்க மாட்டாரா?” என்று கேட்டார் கோயில்பிள்ளை.

“இதுக்கே நேரம் சரியாப் போயிருதுல்லா” என்றார் கோமதி.

இருபத்திரண்டாவது பெயரும் வந்தது. கடிகாரத்தில் எட்டு அடிக்க ஐந்து நிமிடம்.

“முடிஞ்சுதா?”

“இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கு. அது மட்டும் இன்னைவரைக்கும் வந்ததில்ல. கடைசியில அதை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுவாவ. அரை மணி நேரம் ஆனாலும் விட மாட்டாவ. நான்தான் போதும்னு அழுது படுக்க வைப்பேன்.”

“யார் பேரு?”

கோமதி அவரைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

அந்தத் தாள் அங்கேயே இருந்தது. ஓரம் பழுத்துப்போயிருந்தது. ஆறு மாதத்தில் நடந்து வருவீர்கள், இது உறுதி என்று அவருடைய குண்டு குண்டான எழுத்து. கீழே அவருடைய கையெழுத்து.

“உங்க பேருதான் அண்ணாச்சி.”

கோயில்பிள்ளை எழுந்தார். நான்கு எட்டில் சுவரருகே போனார். தாளின் ஓரத்தைப் பிடித்துவிட்டார்.

“கிழிச்சிராதீக!” என்று கோமதி பதறினார். “உங்க பேரு வரலைன்னா கண்ணைத் திறந்து அதைத்தான் பாப்பாவ. கையெழுத்தைப் பாத்துப் பாத்துத்தான் வாயை அசைப்பாவ.”

கை தாளிலேயே நின்றுவிட்டது.

பின்னால் தொண்டை உருளும் சத்தம் கேட்டது.

“கோ...”

கோயில்பிள்ளை திரும்பினார்.

“கோ... கோ...”

நாற்காலி ஆடியது. கட்டியிருந்த துண்டு இறுகியது. இறங்கிக் கிடந்த முகத்தின் வலது பாதி நடுங்கியது. மேடை மேடையாகப் பேசிய கோயில்பிள்ளைக்கு வாய் துடித்தது. அந்தப் பெயரைத் தானே சொல்லி அவருக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரு வார்த்தைதான். கோமதி கை அசைத்துத் தடுத்தார்.

“கோயில்...” என்றார் ஆவுடையப்பன்.

அதற்கு மேல் போகவில்லை. மூச்சு இரைத்தது. மறுபடி முயன்றார். மறுபடி அங்கேயே நின்றது.

கண்ணைத் திறந்தார். தாளைத் தேடினார்.

தாளை மறைத்துக்கொண்டு அந்த மனிதரே நின்றிருந்தார்.

ஆவுடையப்பன் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணோரம் ஈரமாயிற்று.

“பிள்ளை” என்றார்.

தெளிவாக வந்தது. ஒரு காலத்தில் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாரே, அந்தக் குரலில்.

மடியில் இருந்த கை விரிந்தது.

கோமதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கோயில்பிள்ளை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். ஆவுடையப்பனின் கை மூடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த முறை அது மூட நேரமாயிற்று.

*

சபைக்கு வந்தபோது கூட்டம் முடிந்திருக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. மீரான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கோயில்பிள்ளை சாவியைக் கொடுத்தார்.

“எப்படி இருக்காரு?” என்று கேட்டார் மீரான்.

பார்த்ததை எல்லாம் கோயில்பிள்ளை சொன்னார். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. வெள்ளைச் சட்டையைச் சொன்னார், கடைசிப் பெயரைச் சொன்னார், திரும்பவும் முதலுக்கு வந்து கை விரிந்ததைச் சொன்னார்.

மீரான் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா தம்பி?”

“தெரியாது.”

“பின்ன எதுக்கு என்னைப் போகச் சொன்னே?”

“நீங்க அவரைப் பாத்து எட்டு மாசம் ஆச்சு அண்ணாச்சி. அதான் சொன்னேன்.”

உள்ளே யாரோ எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோயில்பிள்ளை கதவின் மேல் கை வைத்தார். திறக்காமல் திரும்பினார்.

“தம்பி, உன் பேரு பதிவேட்டுல கிடையாதுல்ல?”

“கிடையாது. உள்ள உக்காருறவங்க பேருதான் அதுல இருக்கும்.”

“அவர் சொன்ன முதல் பேரு உன் பேரு.”

மீரானுக்குக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது.

“சரியா ஆறரைக்கு. கண்ணை மூடினதும் உன் பேரைத்தான் சொன்னாரு. மாசாமாசம் அப்படித்தானாம்.”

மீரான் வாளைச் சுவரில் சாய்த்தார். பத்தொன்பது வருடத்தில் கூட்டம் நடக்கும்போது அவர் கையிலிருந்து அது இறங்கியதை யாரும் பார்த்ததில்லை.

“ஆறரைக்கா?”

“ஆறரைக்கு.”

“உள்ள எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சு நிப்பாங்களே, அந்நேரமா?”

“அந்நேரம்தான்.”

மீரான் சாத்திய கதவைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

“அப்ப நான் இங்க தனியா நிக்கலையா அண்ணாச்சி?” என்றார்.