பரிமேட்டுப் பதக்கம் என்ன பெறும்?

முன்னொரு காலத்தில் வெண்கூடல் என்ற நாட்டைக் காரிமுடியன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நாடு சின்னது, மீசை பெரியது. காலையில் ஒருவனுக்கு முத்துமாலை போடுவான், சாயங்காலம் அதைத் திருப்பிக் கேட்பான்.

அவனிடம் ஒரு தங்கப் பதக்கம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பரிமேடு என்ற இடத்தில், எதிரியின் இருநூறு குதிரைகளை ராஜாவும் ஆறு பேரும் ஒரே விடியலில் நொறுக்கினார்களாம். அதன் ஞாபகமாக ஆளுக்கொன்றாய் ஏழு பதக்கம் அடித்தார்கள். ராஜாவிடம் ஒன்று, தளபதி சூரப்புலியின் மார்பில் ஒன்று. மற்ற ஐவரில் ஒருவன் ஆற்றில் எறிந்தான், ஒருவன் உருக்கித் தோடு செய்தான், மூன்று பேர் பதக்கத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

இப்படியிருக்க, பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் சபைக்கு வந்தார்.

"எங்கள் ராஜாவுக்கு அரிய பதக்கம் என்றால் உயிர். உங்களுடையதற்கு விலை சொல்லுங்கள். ஆனால்..." என்று இழுத்தார். "அந்தப் போரே நடக்கவில்லை என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. மெய்யா பொய்யா பார்த்து மதிப்பிட வேண்டும்."

ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தான். சூரப்புலிக்கு வெகுநாளாகவே அமைச்சர் அறவாழியைக் கண்டால் ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"அமைச்சரே மதிப்பிடட்டும், அரசே! ஊரெல்லாம் மெச்சும் மூளையாயிற்றே. தவறினால் பதவியை விட்டுப் போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா, யோசிக்காமல்.

"பத்து நாள் கொடுங்கள்" என்றார் அறவாழி.

நேராகப் பரிமேட்டுக்குத்தான் போனார். அது குயவர் ஊர். ஆனால் ஒரு சூளையிலும் புகையில்லை. போர் நடந்த வாரமே, இந்த ஊரில் இனி யாரும் சூளை மூட்டக்கூடாது என்று அரண்மனை ஆணை வந்துவிட்டதாம். பானை வனைந்த கைகள் கல் சுமந்துகொண்டிருந்தன. செங்காத்தாள் என்ற குயத்தி அமைச்சரைக் கூட்டிப்போய், வைக்கோல் போருக்குள் ஒளித்திருந்த ஒன்றைக் காட்டினாள்.

"இதக் குடுத்தா எங்க சூளைக்கு நெருப்பு வருமாய்யா?"

"தெரியாதம்மா. இதைச் சபையில் காட்டினால் என் தலையே போனாலும் போகும்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப நானும் கூட வாரேன்" என்றாள்.

பத்தாம் நாள் சபை நிரம்பி வழிந்தது.

"தளபதியாரே, போரைக் கொஞ்சம் விவரியுங்கள்" என்றார் அறவாழி.

"அதை ஏன் கேட்கிறீர்! மூடுபனி. வரிசை வரிசையாகக் குதிரைகள். பாய்ந்தோம். அவை கதறிய கதறல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது!"

"எத்தனை தப்பின?"

"ஒன்றுகூட இல்லை!"

"ஒன்று தப்பியிருக்கிறது. வாசலில் நிற்கிறது."

நான்கு பேர் துணி மூடிய ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார்கள். செங்காத்தாள் துணியை விலக்கினாள். மார்பளவு உயர மண்குதிரை! அதன் கழுத்தில் ஒடிந்துபோன வாள்நுனி ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. அதில் அரச முத்திரை.

நடந்தது இதுதான். ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட இருநூறு மண்குதிரைகள் மேட்டில் நின்றன. பனியில் பார்த்துவிட்டு, எதிரிப்படை என்று முதலில் பாய்ந்தவனே ராஜாதான். பனி விலகியபோது காலடியில் ஓட்டாஞ்சில்லுதான் கிடந்தது. ஏழு பேருக்கும் அப்போதே தெரியும். வாயை மூடத்தான் பதக்கம். புதுக்குதிரைகள் நின்றால் பழைய குதிரைகளின் கதை வெளிவரும் என்றுதான் சூளைக்குத் தடை.

சூரப்புலி தரையைப் பார்த்தார். ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. தூதருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"அரசே, இரண்டு பங்கு விலை தருகிறோம்! போரில் ஜெயித்த பதக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. இப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது!"

அந்த வார்த்தைதான் ராஜாவைக் கொன்றது. பொய்யென்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தன் அவமானத்தை இன்னொருவன் வாங்கி, பெட்டியில் வைத்து, வந்தவர் போனவர்க்கெல்லாம் காட்டப்போகிறான்! வெட்கத்தில் அவனுக்குக் காது இரண்டும் சூடேறின.

"அறவாழி, இதற்கு நீ என்ன மதிப்புச் சொல்கிறாய்?" என்றான் ராஜா.

"என்னைக் கேட்காதீர்கள் அரசே. குதிரை செய்தவளைக் கேளுங்கள்."

ராஜா இறங்கிவந்து பதக்கத்தைச் செங்காத்தாள் கையில் வைத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தங்கம் நல்லாத்தான் இருக்கு, மகராசா. ஆனா ஒம்பது வருசமா எங்க ஐயனாரு ஒத்தையில நிக்கிறாரு. இத வாங்கிக்கிட்டு அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? சூளையத் தெறந்து விடுங்க, போதும்." பதக்கத்தை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

தடை அன்றே நீங்கியது. பதக்கத்தை ராஜா விற்கவில்லை. "இனி நான் பொய் சொன்னால் சபையிலேயே சொல்லும் உரிமை உனக்கு" என்று அறவாழிக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தான். சூரப்புலி மார்பிலிருந்ததைக் கழற்றிவிட்டு, ஒரு பருவம் முழுக்கப் பரிமேட்டில் புதுக்குதிரைகளுக்குக் காலால் களிமண் மிதித்தார்.

அடுத்த புரவியெடுப்புத் திருவிழாவுக்கு ஐயனார் கோயிலுக்கு ஊர்கூடிப் புதுக்குதிரைகளைச் சுமந்து போனது. வரிசையில் ராஜாவும் ஒரு சின்னக் குதிரையைத் தலையில் வைத்திருந்தான். கோயில் வாசலில் பூசாரி ஒவ்வொருவரிடமும் என்ன நேர்த்தி என்று கேட்பது வழக்கம். பிள்ளை வரம் என்றார்கள், மழை என்றார்கள், மாட்டுக்குச் சீக்கு என்றார்கள். ராஜாவின் முறை வந்தது.

"என்ன நேத்தி?"

ராஜா தலையிலிருந்த குதிரையைச் சரிசெய்துகொண்டான். பின்னால் வரிசை காத்து நின்றது.

"நான்... உடைத்தது" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பூசாரி அவன் நெற்றியிலும் மற்றவர்களுக்குப் போலவே விபூதியைப் பூசி, "எறக்கி வை, அடுத்த ஆளு வரட்டும்" என்றார்.